உள்ளேன் ஐயா!

2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயம். எங்கள் பெரியப்பா வீட்டுக்கு பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அம்மா 12டி படிவத்தோடு வந்து நின்றார். "85 வயசு தாண்டினவங்க வீட்டிலேயே ஓட்டுப் போடலாம் ஐயா. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா ஆபீசர், போலீஸ், வீடியோகிராபர் எல்லாரும் உங்க ஹாலுக்கே வந்துருவாங்க."

பெரியப்பாவுக்கு 87. நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குப் பின்னாலேயே அவர் முழங்கால்களும் ரிட்டயர் ஆகிவிட்டன. எங்களுக்கெல்லாம் ஏக சந்தோஷம், ஆட்டோ பிடிக்கும் வேலை மிச்சம் என்று. அவரோ படிவத்தைக் கைநீள தூரத்தில் பிடித்துக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "ஆப்சென்டீ ஓட்டர்னு போட்டிருக்கே. நான் எங்கேம்மா ஆப்சென்ட்? உன் எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்?"

அந்த அம்மாவிடம் பதில் இல்லை. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நேரில் போய்ப் போடுவதா, இருந்த இடத்திலிருந்தே அனுப்புவதா என்ற இந்தப் பஞ்சாயத்து 2,500 வருஷமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. சீசரே இதில் மாட்டி முழித்திருக்கிறார். பி.எல்.ஓ. என்ன செய்வார்?

ஜனநாயகத்தின் தொட்டில் என்று பாடப்புத்தகம் நமக்குச் சொன்ன ஏதென்ஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். அங்கே தபால் ஓட்டெல்லாம் கிடையாது. நிக்ஸ் என்கிற குன்றின் மேல் ஏறிப்போய், ஆயிரக்கணக்கானவர்களோடு உட்கார்ந்து, கையைத் தூக்க வேண்டும். வராதவனுக்கு ஓட்டு இல்லை. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வந்தாலும் இல்லை. தொட்டிலில் இடம் கொஞ்சம் கம்மி.

இப்பேர்ப்பட்ட உரிமை கிடைத்தால் ஜனங்கள் விடியற்காலையில் குளித்துவிட்டு வந்து நிற்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நிறையப் பேர் கீழே சந்தையில் வம்பளந்துகொண்டு நின்றார்கள். அரசாங்கம் யோசித்தது. ஒரு நீளமான கயிற்றைச் சிவப்புச் சாயத்தில் முக்கி, இரண்டு முனையிலும் ஆளை விட்டுப் பிடிக்கச் சொல்லி, கோழிகளைக் கூடையை நோக்கி ஓட்டுகிற மாதிரி மகாஜனங்களைக் குன்றை நோக்கி ஓட்டியது. கயிற்றில் உரசி உடுப்பில் சிவப்பு பட்டவன் அபராதம் கட்ட வேண்டும். நம் ஊரில் ஓட்டுப் போட்டவன் விரலில் மை. ஏதென்ஸில் ஓட்டுப் போடாமல் நழுவியவன் முதுகில் மை!

அரிஸ்டோஃபனீஸ் தன் நாடகத்தில் இந்தக் கயிற்றை வைத்துக் காமெடி டிராக்கே ஓட்டியிருக்கிறார். பிற்பாடு, கூட்டத்துக்கு வந்தால் காசு என்று அறிவித்தார்கள். கயிற்றைவிடக் காசு நன்றாகவே வேலை செய்தது. இதற்கு விளக்கவுரை தமிழ் வாசகருக்குத் தேவைப்படாது.

சரி, எல்லோரும் நேரில் வந்துவிட்டால் தில்லுமுல்லு இருக்காதே என்பீர்கள். அதையும் பார்த்துவிடலாம். பிடிக்காத தலைவரைப் பத்து வருஷம் ஊரைவிட்டே துரத்த ஏதென்ஸில் ஓர் ஏற்பாடு இருந்தது. உடைந்த பானை ஓட்டில் ஆசாமியின் பெயரைக் கீறிப் போட வேண்டும். (ஓட்டில் போட்ட ஓட்டு. தமிழுக்கென்றே செய்துவைத்த மாதிரி இல்லை?) ஒரு தடவை எழுதப் படிக்கத் தெரியாத பட்டிக்காட்டான் ஒருவன், பக்கத்தில் நின்ற பெரிய மனிதரிடம் ஓட்டை நீட்டி, "அரிஸ்டைடிஸ்னு எழுதிக் குடு சாமி" என்றானாம். "அந்த ஆள் உனக்கு என்ன கெடுதல் பண்ணினார்?" "ஒண்ணும் பண்ணலை. எங்கே போனாலும் நியாயவான் அரிஸ்டைடிஸ், நியாயவான் அரிஸ்டைடிஸ்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு." பெரிய மனிதர் ஒன்றும் பேசாமல் எழுதிக் கொடுத்தார். அவர்தான் அரிஸ்டைடிஸ் என்று பழைய வரலாற்றாசிரியர் ப்ளூடார்க் முடிக்கிறார்.

இது அழகான கதை. ஆனால் மண்ணைத் தோண்டுகிறவர்களுக்கு அழகான கதை எதுவும் பிடிக்காது. அக்ரோபோலிஸ் சரிவில் ஒரு பழைய கிணற்றைத் தூர்வாரியபோது சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. அத்தனையிலும் ஒரே தலைவரின் பெயர், தெமிஸ்டாக்ளிஸ். கையெழுத்தை ஆராய்ந்தால் மொத்தம் 14 பேர்தான் எழுதியிருக்கிறார்கள். எதிர்க்கோஷ்டி திண்ணையில் உட்கார்ந்து ரெடிமேட் ஓட்டுத் தயாரித்து, வருகிறவன் போகிறவன் கையில் திணிக்கப் பார்த்திருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு இலவச சேவை, அவ்வளவுதான்.

அடுத்து ரோமாபுரி. இத்தாலியில் இருந்த ஊர்களெல்லாம் சண்டை போட்டு ரோமானியக் குடியுரிமை வாங்கின. வாங்கிய பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஓட்டுப் போட வேண்டுமென்றால் ரோமுக்கு நேரில் வர வேண்டும். தூத்துக்குடிக்காரருக்குச் சென்னையில் மட்டும்தான் பூத் என்றால் எப்படி இருக்கும்? அதுவும் பஸ், ரயில் கிடையாது; கழுதை உண்டு. அப்படி வந்து சேர்ந்தவர்களைத் தடுப்புக் கட்டி அடைத்து வரிசையாக விட்டார்கள். அந்த இடத்துக்குச் செல்லப் பெயர் 'ஓவிலே'. ஆட்டுப்பட்டி என்று அர்த்தம். வாக்காளரை ஆட்டுமந்தை என்று தலைவர்கள் மனசுக்குள் நினைப்பது எல்லா ஊரிலும் உண்டு. ரோமர்கள் வாய்விட்டே சொல்லிவிட்டார்கள்.

வாக்காளர் மட்டுமில்லை, வேட்பாளரும் ஆஜராக வேண்டும். இங்கேதான் ஜூலியஸ் சீசர் மாட்டினார். கி.மு. 60இல் ஸ்பெயினில் ஜெயித்துவிட்டு ஜம்மென்று வந்தார். அவருக்கு இரண்டு ஆசை. ஒன்று, தேரில் ஏறி வெற்றி ஊர்வலம் வர வேண்டும். இரண்டு, கான்சல் என்ற உச்சப் பதவிக்கான தேர்தலில் நிற்க வேண்டும். ஊர்வலம் வரை தளபதி நகர எல்லைக்குள் காலை வைக்கக் கூடாது. வேட்புமனுவுக்கோ நகரத்துக்குள் நேரில் வந்தாக வேண்டும். ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொள்வது சீசருக்கே சாத்தியமில்லை. "நான் வெளியிலேயே இருக்கேன், மனுவை மட்டும் ஏத்துக்கோங்களேன்" என்று செனட்டுக்குச் சொல்லியனுப்பினார்.

செனட்டில் கேட்டோ என்று ஒருவர். சீசரைக் கண்டாலே ஆகாது. எழுந்தார், பேச ஆரம்பித்தார், பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை. பொழுது சாய்ந்தால் சபை கலைய வேண்டும் என்பது விதி. கலைந்தது. சீசர் தேர், மாலை, மேளதாளம் அனைத்தையும் கைகழுவிவிட்டு நகரத்துக்குள் நடந்து வந்து மனுக் கொடுத்து ஜெயித்தார். கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் வேண்டாம், சீட்டு போதும் என்று முடிவெடுத்த தலைவரை வரலாற்றில் இன்னொருவர் காட்டுங்கள் பார்க்கலாம்.

பத்து வருஷம் கழித்து மறுபடி அதே தகராறு. இந்தத் தடவை சீசர் வடக்கே சேனையோடு இருந்தபடியே தேர்தலில் நிற்க வேண்டும் என்கிறார். சேனையை விட்டுவிட்டுத் தனியாளாய் வந்தால் வழக்குப் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள் என்ற பயம். முதலில் சரி என்று சட்டம் போட்ட ரோம் பிறகு மழுப்பியது. கி.மு. 49இல் அவர் ரூபிகான் ஆற்றைத் தாண்டினார். அதற்கு மேல் சினிமா, நாடகம், மகா காவியம். விதி, வீரம், லட்சியம் என்றெல்லாம் காரணம் படித்திருப்பீர்கள். அடியில் கிடந்தது ஓர் ஆப்சென்டீ விண்ணப்பம்.

சீசரின் வாரிசு அகஸ்டஸ் இந்தப் பிரச்சினையை அழகாகத் தீர்த்தார். இத்தாலியில் தான் குடியேற்றிய 28 ஊர்களின் நகரசபை உறுப்பினர்கள் ரோமுக்கு அலைய வேண்டாம், ஊரிலேயே ஓட்டுப் போட்டு, முத்திரை வைத்து, தேர்தல் நாளுக்குள் ரோமுக்கு அனுப்பினால் போதும் என்றார். ரோமானிய வரலாற்றாசிரியர் சுவிட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். தபால் ஓட்டுக்கு ஆதி மூதாதை இதுதான்! எப்பேர்ப்பட்ட முற்போக்கு! ஒரே ஒரு சின்ன விஷயம். யார் ஜெயிக்க வேண்டும் என்பது அதற்குள் அகஸ்டஸின் கண்ஜாடையைப் பொறுத்ததாகிவிட்டிருந்தது. ஓட்டுக்கு மதிப்பு இருந்த காலமெல்லாம் ஆளை நடக்கவிட்டார்கள். மதிப்பு போனதும் வீடு தேடி வந்து வாங்கிக்கொண்டார்கள்.

அகஸ்டஸைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. தேர்தல் நாளன்று தன் சொந்தக் கோத்திரக்காரர்களுக்குத் தலைக்கு 1,000 செஸ்டர்ஸ் கொடுப்பார். எதற்கு? அவர்கள் வேட்பாளர்களிடம் கைநீட்டிக் காசு வாங்கக் கூடாது என்பதற்காக! ஒரு சிப்பாயின் வருஷச் சம்பளமே 900 செஸ்டர்ஸ்தான். லஞ்சத்தை ஒழிக்க அதைவிடப் பெரிய லஞ்சம் கொடுத்த இந்த உத்தி நம்மவர்கள் கண்ணில் இன்னும் படவில்லை என்று நம்புகிறேன். சீசர் திட்டம் போட்ட பளிங்கு வாக்குச்சாவடியும் இவர் காலத்தில்தான், கி.மு. 26இல், கட்டி முடிந்தது. கி.பி. 14இல் அடுத்து வந்த பேரரசர் திபேரியஸ் தேர்தலையே மக்களிடமிருந்து எடுத்து செனட்டிடம் கொடுத்துவிட்டார். உலகத்தின் மிக அழகான பூத்தில் அப்புறம் குத்துச்சண்டையும் கடைகண்ணியும் நடந்தன.

இப்போது ஒரே தாவாக அமெரிக்கா. 1864. உள்நாட்டுப் போர் நாலாம் வருஷம். லட்சக்கணக்கான வாக்காளர்கள் துப்பாக்கியோடு கூடாரத்தில் கிடக்கிறார்கள். போர் தொடங்கியபோது பெரும்பாலான மாகாணங்களில் சட்டம் ஏதென்ஸ் சட்டம்தான். ஊருக்கு வா, போடு. சண்டைக்கு நடுவே "சார், ரெண்டு நாள் லீவு, ஓட்டுப் போட்டுட்டு வந்துர்றேன்" என்று எதிரியிடமா கேட்க முடியும்?

முகாமிலேயே ஓட்டுப் போட விடலாம் என்றது லிங்கனின் கட்சி. கூடவே கூடாது என்றது எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி. அவர்கள் வாதத்தைக் கேளுங்கள். சிப்பாய் என்பவன் தளபதி சொல்கிறபடி ஆடுகிறவன். அவன் எப்படிச் சுயமாக ஓட்டுப் போடுவான்? நியாயமான கேள்வி. இப்படிக் கேட்டுவிட்டு, ஜனாதிபதி வேட்பாளராக அவர்கள் யாரை நிறுத்தினார்கள் தெரியுமா? ஒரு தளபதியை!

ஜார்ஜ் மெக்லெல்லன். இவரை நான் கொஞ்சம் ஆற அமரச் சொல்லியே ஆக வேண்டும். எனக்குப் பிடித்த மனிதர். 34 வயதில் ராணுவத்தின் தலைமைத் தளபதி. பத்திரிகைகள் 'இளம் நெப்போலியன்' என்றன. அவர் அதைச் சீரியஸாக எடுத்துக்கொண்டு, கோட்டுக்குள் கையைச் செருகிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். நெப்போலியனிடம் இருந்த மற்ற சாமான், அதாவது சண்டை போடுவது, அதுதான் கைவரவில்லை. படையைப் பிரமாதமாகப் பயிற்றுவிப்பார். பூட்ஸ் பளபளக்கும். பேண்டு வாத்தியம் முழங்கும். "சரி, கிளம்பலாமா?" என்றால் எதிரியிடம் ஆள் ரொம்ப அதிகம் என்பார்.

எதிரியின் அரணில் பெரிய பெரிய பீரங்கிகள் இருக்கின்றன என்று மாசக்கணக்காக மிரண்டு போயிருந்தார். 1862 மார்ச்சில் எதிரி தானாகவே இடத்தைக் காலி செய்துவிட்டுப் போனான். இவர் படை போய்ப் பார்த்தால் பல பீரங்கிகள் மரக்கட்டை! கறுப்புப் பெயின்ட் அடித்து நிறுத்திவைத்திருந்தார்கள். நம் வயற்காட்டுப் பொம்மை காக்காயை ஏமாற்றுகிற டெக்னிக், ஒரு தலைமைத் தளபதியை ஏமாற்றியது.

ஆளுக்கு வாய்த்துடுக்கும் உண்டு. மனைவிக்கு எழுதிய கடிதங்களில் லிங்கனைக் குரங்கு வகையறாவில் சேர்த்திருக்கிறார். 1861 நவம்பரில் ஒரு ராத்திரி. லிங்கன் இவரைப் பார்க்க வீட்டுக்கே போனார். தளபதி கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். ஜனாதிபதி காத்திருந்தார். தளபதி வந்தார். "ஜனாதிபதி வந்திருக்கார்" என்று வேலைக்காரர் சொன்னார். தளபதி மாடிப்படி ஏறினார். அரைமணி நேரம் கழித்து மறுபடி சொல்லியனுப்பினால், தளபதி படுத்துத் தூங்கிவிட்டார் என்று பதில் வந்தது. நம் ஊர் தாசில்தார் ஆபீஸில்கூட இது பகலில்தான் நடக்கும்.

லிங்கன் கோபப்படவில்லை. மரியாதை பார்க்கிற நேரமா இது என்று நடையைக் கட்டிவிட்டார். "இந்தப் படையை நீங்க உபயோகிக்கப் போறதில்லேன்னா கொஞ்ச நாளைக்கு எனக்குக் கடன் குடுங்க" என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 1862 நவம்பரில் பொறுமை தீர்ந்து தளபதியை வீட்டுக்கு அனுப்பினார். சிப்பாய்கள் நிஜமாகவே அழுதார்கள். மெக்லெல்லன் அவர்களை நன்றாகப் பார்த்துக்கொண்டார். முக்கியமாக, அவசரப்பட்டுச் சாகவிடவில்லை. அந்தக் கண்ணீரைத்தான் அவர் ஓட்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

1864 ஆகஸ்டில் நிலைமையைப் பார்த்து லிங்கனுக்கே கதிகலங்கியது. ஒரு நாள் ஒரு தாளில் ஏதோ எழுதி, மடித்து, ஒட்டி, மந்திரிகளிடம் நீட்டி, "பின்னால கையெழுத்துப் போடுங்க" என்றார். என்ன விஷயம் என்று தெரியாமலே எல்லோரும் போட்டார்கள். (ஃபைலைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் மந்திரிகள் நம் கண்டுபிடிப்பு என்று இனி யாரும் பெருமை பேச வேண்டாம்.) உள்ளே இருந்த விஷயம், 'அநேகமாக நாம் தோற்கப் போகிறோம், அடுத்து வருகிறவர் பதவியேற்பதற்குள் நாட்டைக் காப்பாற்ற அவரோடு ஒத்துழைக்க வேண்டும்' என்பது. அந்த வருஷம் அமெரிக்காவில் முதலில் சீல் வைக்கப்பட்ட கவர் இதுதான்.

வடக்கு மாகாணங்களில் 19 சிப்பாய் ஓட்டுக்கு வழி செய்தன. சில மாகாணங்கள் முகாமிலேயே பெட்டி வைத்தன. நியூயார்க் வேறு மாதிரி. சிப்பாய் தன் சீட்டைக் கவரில் போட்டு ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்ப, அவர் அவனுக்காகப் போய்ப் பூத்தில் போடுவார். நம்பிக்கையான ஒருவர் என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? அக்டோபரில் பால்டிமோரில் நியூயார்க் ஏஜென்டுகள் சிலரைப் பிடித்தார்கள். இல்லாத சிப்பாய், செத்த சிப்பாய் எல்லோருக்கும் இவர்களே கையெழுத்துப் போட்டு மெக்லெல்லனுக்கு ஓட்டுத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஏதென்ஸ் கிணற்றுப் பார்ட்டி 2,300 வருஷம் கழித்து மறுபிறவி எடுத்திருந்தது. இப்படிச் சொல்வதால் லிங்கன் தரப்பு சொக்கத் தங்கம் என்று அர்த்தமில்லை. போர்த்துறையின் செல்வாக்கு முழுவதையும் தேர்தலுக்கு இறக்கினோம் என்று அந்தத் துறையின் துணைச் செயலாளரே பிற்பாடு நினைவுக்குறிப்பில் எழுதிவிட்டார். ரிட்டயர் ஆனபின் உண்மை பேசும் அதிகாரிகள் எல்லா நாட்டிலும் உண்டு.

கூத்து என்னவென்றால், முகாம் ஓட்டுக்கு இடம் கொடுக்காத மாகாணங்களில் ஒன்று இல்லினாய். லிங்கனின் சொந்த மாகாணம்! இன்னொன்று இண்டியானா. அங்கே அக்டோபரிலேயே மாகாணத் தேர்தல். லிங்கன் பேனாவை எடுத்து, ஜெனரல் ஷெர்மனுக்குக் கடிதம் எழுதினார். சாராம்சம் இது: இண்டியானா பையன்களை எவ்வளவு பேரை விட முடியுமோ அவ்வளவு பேரை ஊருக்கு அனுப்பினால் நல்லது, ஜனாதிபதி தேர்தல்வரை அவர்கள் தங்க வேண்டியதில்லை, இது உத்தரவு இல்லை. முதலாளி 'இது உத்தரவு இல்லை' என்று எழுத்தில் கொடுத்தால் என்ன அர்த்தம் என்பது ஆபீஸ் போகிற எவருக்கும் தெரியும். ஷெர்மனுக்கும் தெரிந்தது.

நவம்பர் 8. மழை. லிங்கன் போர்த்துறைத் தந்தி ஆபீஸில் உட்கார்ந்து ரிசல்ட் பார்க்கிறார். டி.வி. விவாதம் இல்லாத குறையை அவரே தீர்த்துக்கொண்டார். தந்திக்கும் தந்திக்கும் நடுவே நாஸ்பி என்ற நகைச்சுவை எழுத்தாளரின் புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்துச் சிரித்தார். போர் மந்திரி ஸ்டான்டன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நாட்டின் தலையெழுத்து கம்பியில் வந்துகொண்டிருக்கிறது, இந்த மனுஷன் ஜோக் படிக்கிறானே!

மெக்லெல்லனுக்குக் கிடைத்தது மூன்றே மூன்று மாகாணம். தேர்வாளர் ஓட்டு 212க்கு 21. தனியாக எண்ணப்பட்ட சிப்பாய் ஓட்டில் சுமார் 78 சதவீதம் லிங்கனுக்கு. அழுத அதே சிப்பாய்கள்தான்! தங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்ட தளபதியை நேசித்தார்கள். ஆனால், போர் தோல்வி என்று எழுதிய அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டால், செத்துப்போன கூட்டாளிக்கு என்ன பதில் சொல்வது? மெக்லெல்லன் அன்றைக்கே ராணுவப் பதவியை ராஜினாமா செய்தார். அவருக்குக் கடைசிவரை புரியாத ஒரு விஷயம், கைதட்டுகிறவன் எல்லாம் ஓட்டுப் போடுகிறவன் இல்லை என்பது. நம் நட்சத்திரங்களில் சிலருக்கு இதை மொழிபெயர்த்துக் கொடுத்தால் புண்ணியம்.

இதே பாடத்தை எண்பது வருஷம் கழித்து இன்னொருவர் படித்தார். சுருட்டும் தொப்பியுமாக வின்ஸ்டன் சர்ச்சில். 1945 ஜூலை 5 அன்று பிரிட்டனில் ஓட்டுப்பதிவு. ஜெர்மனியை ஜெயித்து இரண்டு மாசம்தான் ஆகிறது. உலகமெல்லாம் சிதறிக் கிடக்கும் சிப்பாய்களின் ஓட்டு வந்து சேர வேண்டும் என்பதால், எண்ணிக்கையை ஜூலை 26க்குத் தள்ளி வைத்தார்கள். மூன்று வாரம் பெட்டிக்கு சீல். தாங்க முடியாத சஸ்பென்ஸ் என்று பிரிட்டிஷ்காரர்கள் இன்றைக்கும் எழுதுகிறார்கள். நாம் 2024இல் ஏப்ரல் 19 அன்று போட்டுவிட்டு ஜூன் 4 வரை, 46 நாள், மாவடு ஊறுவது போல ஊறினோம். அவர்களெல்லாம் சின்னப் பையன்கள்.

அந்த இடைவெளியில் சர்ச்சில் பிரான்ஸ் கடலோரத்தில் உட்கார்ந்து படம் வரைந்தார். பிறகு ஸ்டாலினோடும் ட்ரூமனோடும் உலகத்தைப் பங்கு பிரிக்க போட்ஸ்டாம் போனார். எதிர்க்கட்சித் தலைவர் அட்லியையும் மரியாதைக்கு அழைத்துப் போனார். எண்ணிக்கைக்காக 25ஆம் தேதி லண்டனுக்குப் பறந்தார், ஓரிரு நாளில் திரும்பி வந்து மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம் என்ற தெம்பில். சீல் உடைந்தது. தொழிற்கட்சிக்கு 393 இடம். போட்ஸ்டாமுக்குத் திரும்பி வந்தவர் அட்லி. சினிமா இடைவேளையில் முறுக்கு வாங்கப் போன ஹீரோவின் சீட்டில் பக்கத்து சீட்காரர் வந்து உட்கார்ந்த மாதிரி.

சர்ச்சில் தன் சொந்தத் தொகுதியில் ஜெயித்தார். பெரிய கட்சிகள் எதுவும் மரியாதை கருதி அங்கே ஆள் நிறுத்தவில்லை. சுயேச்சையாக ஒரு விவசாயி மட்டும் நின்றார். ஹிட்லரைத் தோற்கடித்த மனிதரை எதிர்த்து அவருக்கு விழுந்த ஓட்டு 10,000க்கு மேல்.

நம்மூருக்கு வருவோம். இங்கே தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்கள் பலருக்கும் தபால் ஓட்டுத்தான். சீட்டு உள்கவரில், உறுதிமொழி வெளியே, இரண்டும் சேர்ந்து வெளிக்கவரில், உறுதிமொழியில் அத்தாட்சி அதிகாரி கையெழுத்து. ஒன்று மாறினாலும் செல்லாது. ஊருக்கெல்லாம் ஓட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தவர்களின் ஓட்டுத்தான் செல்லாமல் போகிறது என்பது ஒவ்வொரு எண்ணிக்கையிலும் காலை 8 மணிக்கு முதல் காமெடி.

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதி நினைவிருக்கிறதா? இன்பதுரை 49 ஓட்டில் அப்பாவுவை ஜெயித்தார். தள்ளுபடியான தபால் ஓட்டு 203. காரணம், அவற்றில் அத்தாட்சிக் கையெழுத்துப் போட்டது நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். அவர் கெஜட்டட் அதிகாரியா இல்லையா என்ற சந்தேகம். சந்தேகம் உயர் நீதிமன்றம் போய், தலைமை ஆசிரியர் கையெழுத்து செல்லும், எண்ணுங்கள் என்று 2019 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. எண்ணினார்கள். முடிவை அறிவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. முடிவு வெளியாவதற்குள் 2021 தேர்தலே வந்து, அப்பாவு ஜெயித்து, சபாநாயகராகவும் ஆகிவிட்டார்.

எங்கள் பெரியப்பாவின் மனத்தாங்கலுக்கு மூலகாரணம் இதுதான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. வீட்டு ஓட்டுக்கு எந்தத் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் வேண்டாம் என்று எத்தனை சொல்லியும் எடுபடவில்லை. "முப்பது வருஷம் நான் போட்ட கையெழுத்துல எத்தனை பையன் காலேஜ் போனான் தெரியுமா? அது செல்லுமா செல்லாதான்னு டெல்லி வரைக்கும் கேட்டுட்டான்ல?"

ஷ்யாம் சரண் நேகியின் கதையை அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். அவரும் வாத்தியார்தான். இமாச்சலத்தில் கல்பா ஊர்க்காரர். பனி விழுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாட்டுக்கே முன்னதாக அங்கே 1951 அக்டோபர் 25 அன்று ஓட்டுப்பதிவு நடந்தது. நேகிக்கு வேறு ஊரில் தேர்தல் பணி. விடிந்ததும் விடியாததுமாகத் தன் ஊர் பூத்துக்குப் போய், முதல் ஆளாகப் போட்டுவிட்டுப் பணிக்கு ஓடினார். சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் என்று பெயர் நிலைத்தது. அதிலிருந்து எல்லாத் தேர்தலுக்கும் பூத்துக்குத்தான் போனார். 2022 சட்டமன்றத் தேர்தலில் அவருக்கு 105 வயது. 12டி படிவம் வந்தது. பூத்துக்கே வருகிறேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். உடம்பு கேட்கவில்லை. நவம்பர் 2 அன்று அதிகாரிகள் வீட்டுக்கே வந்து, சிவப்புக் கம்பளம் விரித்து, தபால் ஓட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அது அவருடைய 34ஆவது ஓட்டு. மூன்றாம் நாள் காலமானார்.

ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பார்த்தியா? வீட்டுல ஓட்டுப் போட்டார், மூணாம் நாள் போயிட்டார்." அத்தோடு படிவம் காலண்டருக்குப் பின்னால் போயிற்று.

ஏப்ரல் 19. ஆட்டோவில் ஏற்றி, பள்ளிக்கூட வாசலில் இறக்கி, சக்கர நாற்காலியில் வைத்து, சரிவுப் பாதையில் தள்ளிக்கொண்டு போனோம். இஸ்திரி போட்ட வேட்டி, விபூதி, பாக்கெட்டில் பேனா. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். "சார், எப்படி இருக்கீங்க?" என்று ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் எதற்காக அங்கே வந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓட்டுக்காக மட்டும் இல்லை. தான் இன்னும் இருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? உள்ளே அலுவலர் ஏஜென்டுகளுக்காகப் பெயரை உரக்க வாசித்தார். முப்பது வருஷம் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்ட பதிலை முதல் தடவையாகத் தானே சொன்னார்: "உள்ளேன் ஐயா!"

உங்கள் வீட்டிலும் 85 தாண்டியவர் இருந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் 12டி கொடுத்துவிட வேண்டும். தபால் ஓட்டு என்று பட்டியலில் ஏறிவிட்டால் அப்புறம் பூத்தில் போட விடமாட்டார்கள். படிவத்தை வாங்கி வையுங்கள். எதற்கும் ஆட்டோக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.